காவேரிப்பட்டணத்துக்கு மலிவு விமானத்தில்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு டிக்கெட் போட உட்கார்ந்தால் தஞ்சாவூர்க்காரர்களுக்குக் குழப்பமே கிடையாது, திருச்சிதான். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஊரிலேயே விமானம் இறங்குகிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். பெங்களூரா, சென்னையா, திருச்சியா? மூன்றுமே எட்டத்தில். திரையில் தெரிகிற விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், மிச்சம் பிடித்ததை எல்லாம் டாக்சிக்குக் கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

எங்கள் வீடு கிருஷ்ணகிரியை அடுத்த காவேரிப்பட்டணம். இந்தத் தடவை போகும்போது பெங்களூர், திரும்பும்போது திருச்சி என்று போட்டேன். மலிவு விமானத்தில் எனக்குப் பிடித்த முதல் விஷயமே இதுதான். போகிற டிக்கெட்டும் வருகிற டிக்கெட்டும் தனித்தனி கணக்கு. பெரிய நிறுவனங்களில் ஒருவழி மட்டும் கேட்டால் சில சமயம் இருவழி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விமான நிலையம் இருப்பது ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். நாம் தெற்கு வாசல்காரர்கள். 2008 மே மாதம் வரை பழைய எச்.ஏ.எல். நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள், ஓசூர் ரோட்டைப் பிடிக்க இவ்வளவு பாடுபடவில்லை. இப்போது வடக்கே ஹெப்பாளில் ஆரம்பித்து தெற்கே சில்க் போர்டு சந்திப்பு வரை நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும்.

இங்கேதான் மலிவு விமானத்தின் ஒரு குறை நமக்கு வரமாகிறது. விமானம் தரையில் நிற்கிற நேரமெல்லாம் நிறுவனத்துக்கு நஷ்டம். அதனால் ராத்திரி, விடியக்காலை என்று பார்க்காமல் ஓட்டுவார்கள். நடுராத்திரி ஒரு மணிக்கு இறங்குவதைப் பலரும் குறையாகச் சொல்கிறார்கள். நம் பக்கத்துக்காரர்களுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. சில்க் போர்டு காலியாக இருக்கும், எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டினால் அகலமான சாலை, பொழுது விடிவதற்குள் வீடு. அதே விமானம் சாயங்காலம் ஐந்து மணிக்கு இறங்கினால், சிங்கப்பூரிலிருந்து பெங்களூர் வர ஆன நேரத்தில் பாதியை நகரத்துக்குள்ளேயே கழிக்க நேரும்.

சர்வதேச விமானங்கள் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாவது டெர்மினலுக்கு வருகின்றன. மூங்கிலும் தொங்குகிற செடிகளுமாக அழகுதான், குறை சொல்ல முடியாது. வெளியே வந்தால் டாக்சிக்காரர் சொல்கிற கணக்கு வேறு. “டோல் தனி சார், ஸ்டேட் பர்மிட் தனி சார்.” எல்லாம் சேர்ந்து 4,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரே பெட்டியோடு தனியாக வருகிறவர்கள், எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் போகிற வாயு வஜ்ரா என்னும் விமான நிலைய பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி பஸ் பிடித்தால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். சேலம் ரோட்டில் ராத்திரி முழுக்க பஸ் உண்டு என்பது நம் மாவட்டத்தின் பெரிய வசதி. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகராகியும் ரயில் நிலையம் இல்லாத ஊர். பஸ்தான் நமக்கு ரயிலும்.

“சேலத்துக்கே விமானம் வருதே, அதுல வரலாமே” என்று மாமா கேட்டார். வருகிறது. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் 2023 அக்டோபரில் மறுபடியும் சேவை தொடங்கியது. தர்மபுரியிலிருந்து ஒரு மணி நேரம்தான். ஆனால் சென்னை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து சேலத்துக்கு வேறு நிறுவனத்தில் தனி டிக்கெட் என்று எடுத்தால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானக்காரருக்கு அது கவலையே இல்லை. அதோடு உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோ பெட்டிதான் இலவசம். மைலோவும் கோடாலித் தைலமும் சாக்லேட்டுமாக 30 கிலோ கட்டிக்கொண்டு வருகிற நமக்கு அது எந்த மூலைக்கு?

பெட்டி விஷயத்தில்தான் மலிவு விமானம் தன் காசை எடுக்கிறது. கையில் கொண்டுபோக பெரும்பாலும் 7 கிலோ, சிங்கப்பூரின் ஸ்கூட் நிறுவனத்தில் 10 கிலோ. மற்றதை டிக்கெட் போடும்போதே வாங்கிவிட வேண்டும். கவுன்டரில் வாங்கினால் விலை தாறுமாறு. திருச்சியில் திரும்பும்போது கேட் வாசலிலேயே தராசு வைத்துவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற அக்காவின் பையில் ஒன்றரை கிலோ கூடுதல். “புளிதாங்க தம்பி, வேற ஒண்ணுமில்ல” என்று அவர் கெஞ்சிக்கொண்டிருக்க, தராசு பக்கத்தில் இருந்த விமான நிறுவனப் பையன் கார்டு மெஷினை நீட்டியபடியே நின்றான். விதி விதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செக்-இன் கவுன்டரில் அதே பையைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பியவர்களும் அதே நிறுவனத்து ஆட்கள்தானே? அங்கேயே சொல்லியிருந்தால் வழியனுப்ப வந்தவர்களிடம் புளியைக் கொடுத்திருப்பார்.

புளி, கேழ்வரகு மாவு, தட்டை மாதிரியான நிப்பட்டுக்கெல்லாம் எடையைத் தவிர வேறு தடை இல்லை. கொப்பரை மட்டும் வேண்டாம், எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று பெட்டியிலும் விடமாட்டார்கள். நெய்யும் ஊறுகாயும் பெரிய பெட்டிக்குள் போகட்டும். காலி தண்ணீர் பாட்டிலோடு பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, உள்ளே நிரப்பிக்கொண்டால் விமானத்தில் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று. இந்தியாவில் சலுகை டிக்கெட்டை ரத்து செய்தாலும், ஏன், விமானத்துக்குப் போகாமலே விட்டாலும், அரசு வரியையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. “நான்-ரீஃபண்டபிள்” என்று போட்டிருந்தாலும் கேளுங்கள். மலிவு டிக்கெட்டில் சில சமயம் அந்த வரிப்பணமே கணிசமாக இருக்கும்.

அம்மாவை அழைத்து வருவதென்றால் நான் மலிவு விமானம் போடமாட்டேன். சக்கர நாற்காலி இதிலும் கிடைக்கும், 48 மணி நேரம் முன்னால் சொல்லி வைத்தால் போதும். பிரச்சினை தாமதம்தான். ஒரே விமானம் காலையிலிருந்து நாலைந்து ஊருக்குப் போய்வரும். முதல் ஊரில் ஒரு மணி நேரம் தாமதமானால் கடைசி ஊர்வரை அந்தத் தாமதம் கூடவே வரும், மாற்று விமானம் கையில் இருக்காது. நாம் பொறுத்துக்கொள்வோம், சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறவர்களால் முடியாது. சாவுச் செய்தி வந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, எதில் இடம் இருக்கிறதோ அதில் ஏறுவோம்.

ஓசூரில் விமான நிலையம் வந்தால் இவ்வளவும் தீரும் என்கிறார்கள். 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கு என்று முதல்வர் ஸ்டாலின் 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூர் நிலையத்தின் ஒப்பந்தத்திலோ 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை, மைசூரும் ஹாசனும் தவிர, வேறு நிலையம் கூடாது என்று இருக்கிறது. விமானம் எப்போது வருமோ, வழியெல்லாம் மனை விளம்பரத் தட்டிகளில் அதன் படம் மட்டும் இப்போதே வந்துவிட்டது.