வாசல்ல கால்வா போடறவங்க வாட்டம் (தண்ணி ஓடற எறக்கம்) பாக்காம பணத்த குடுத்துடாதீங்க

வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ரோட்டவிட பள்ளத்துல வீடு இருக்கறவங்க இத படிச்சுட்டு அப்புறம் மேஸ்திரிய கூப்பிடுங்க. எங்க தெருவுல பழைய ரோட்ட சொரண்டாம அது மேலயே போட்டு போட்டு, இப்ப ரோடு எங்க வாசப்படி உயரத்துக்கு வந்துடுச்சு, மழை பெஞ்சா தண்ணி மொத்தமும் ராம்ப்ல எறங்கி கார் நிக்கற எடத்த தாண்டி ஹாலுக்கே வந்துடும். அதான் கேட்டுக்கு உள்பக்கம் 12 அடிக்கு குறுக்க கால்வா கட்டி மேல இரும்பு ஜாலி போட ஒருத்தர்கிட்ட 32,000 பேசி விட்டோம்.

மூணே நாள்ல முடிச்சுட்டாரு. அடியில காங்கிரீட்டே இல்ல, மண்ணு மேலயே செங்கல் வெச்சு பூசினதோட சரி. "வாட்டம் வருதா மேஸ்திரி"ன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டதுக்கு "இன்னா சார், 20 வருஷமா இதான் பண்ணிகினு கீறேன், கண்ணாலயே பாத்துடுவேன்"னாரு. நம்பி முழு பணத்தையும் குடுத்துட்டோம்.

ஐப்பசி மழையில தெரிஞ்சுபோச்சு. மழை விட்டு நாலு நாள் கழிச்சு ஜாலிய தூக்கி பாத்தா தண்ணி அப்படியே நிக்குது, அதுல கொசுப்புழு நெளியுது, போன வருஷம்தான் என் பையன் டெங்குல படுத்து எழுந்தான், எனக்கு வயிறு எரிஞ்சுடுச்சு. மாமா டியூப்ல தண்ணி ரொப்பி மட்டம் புடிச்சாரு. 100 அடிக்கு ஒரு அடியாவது எறக்கம் வேணும்பாங்க, 12 அடிக்கு கிட்டத்தட்ட ஒன்றரை இஞ்ச், இங்க பைப் இருக்கற முனை அர இஞ்ச் மேல தூக்கிகினு இருக்கு!

ஜாலியும் அப்படித்தான். பட்டை கால்வாய்க்கு குறுக்க வந்தாதான் ரெண்டு பக்கமும் ஒக்காந்து கார் வெயிட்ட தாங்கும், இவரு மெல்லிசு பட்டைய நீட்டுக்கு வெச்சு அங்கங்க ஒரு புள்ளி வெல்டிங் அடிச்சிருக்காரு, ரெண்டே வாரத்துல நடுவுல குழிஞ்சிடுச்சு.

எல்லாத்துக்கும் மேல, மழைநீர் தொட்டிக்கு விடறேன்னு சொன்ன பைப்ப பாத்ரூம் சாக்கடை போற சேம்பர்ல சொருகிட்டு போயிருக்காரு. 2003லயே வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கின தொட்டி, எட்டடி தள்ளி சும்மா கெடக்குது. பெரிய மழை வந்த அன்னிக்கு ராத்திரி சேம்பர் ரொம்பி சாக்கடை தண்ணி குளிக்கற ரூமுக்குள்ள ஏறிடுச்சு, வயசான அத்தைய வெச்சுகினு நாங்க பட்ட பாடு யாருக்கும் வேணாங்க.

போன் போட்டா "மழை விடட்டும்மா, வரேன்", அப்புறம் எடுக்கறதே இல்ல. இப்ப வேற மேஸ்திரி வெச்சு எல்லாத்தையும் ஒடச்சு, கீழ காங்கிரீட் போட்டு, பூசறதுக்கு முன்னாடியே கோடியில ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி அது தொட்டி வரைக்கும் ஓடறத நின்னு பாத்தோம். 10,000 கையில வெச்சிருக்கோம், ஒரு மழை தாண்டினாதான் குடுப்போம்னு மொதல்லயே சொல்லிட்டோம், அவரும் சரின்னுட்டாரு.