சுகர்காரர்களுக்கு வேக்கம் பம்ப்: விறைப்பு வரும், உணர்ச்சி?

விறைப்புக்கான வேக்கம் பம்ப் பற்றிய ரிவியூக்கள் பெரும்பாலும் "நன்றாக வேலை செய்கிறது" என்பதோடு முடிந்துவிடும். வேலை செய்வது உண்மைதான், ஆனால் சுகரால் நரம்பும் பாதிக்கப்பட்டவர்கள் எந்த வேலையை எதிர்பார்க்கலாம் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஒரு பக்கம் மூடிய பிளாஸ்டிக் குழாய், பம்ப், சில அளவுகளில் ரப்பர் வளையங்கள், அவ்வளவுதான். ஜெல் தடவி, ஆணுறுப்பைக் குழாய்க்குள் விட்டு, குழாயை உடம்போடு அழுத்திப் பிடித்துக் காற்றை இழுத்தால் உறுப்புக்குள் இரத்தம் ஏறும், வளையத்தை அடிப்பகுதிக்குத் தள்ளிவிட்டால் திரும்பாமல் நிற்கும். இதில் நரம்புக்கு வேலையே இல்லை. சில்டெனாஃபில் (வயாக்ரா) மாத்திரை அப்படியில்லை, நரம்பு முனைகள் இரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்தால்தான் அதற்குப் பிடிமானம், அதனால்தான் நம்மில் பலருக்கு அது அரைகுறையாக முடிகிறது. எனக்கும் அப்படித்தான். பம்பில் விறைப்பு வந்துவிட்டது.

குறைகள் உண்டு. உறுப்பைச் சுற்றியுள்ள முடியை வெட்டாவிட்டால் காற்று கசியும், விதைப்பையின் தோலும் சில சமயம் உள்ளே இழுபடும். உறுப்பு சில்லென்று, கொஞ்சம் நீலம் பாய்ந்து இருக்கும், வளையத்துக்குக் கீழே பிடிப்பில்லாமல் ஆடும். இதெல்லாம் பழகிவிடுகிறது.

பழகாதது உணர்ச்சிக் குறைவு. பாதம் மரத்துப்போகிறதே, அதே பாதிப்புதான் இங்கும், தொடுதலை மூளைக்குக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பு இழைகளைச் சுகர் அரித்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற விறைப்பு தோலுக்குத் தெரிவதில்லை. உச்சம் வர நேரமாகிறது, வந்தாலும் மங்கலாக வருகிறது. விந்து வெளியே வராததற்கு வளையம்தான் காரணம் என்று நினைத்தேன், ஆனால் வளையம் போடாமல் உச்சம் வந்தபோதும் ஒன்றும் வரவில்லை, அப்புறம் போன சிறுநீர்தான் கலங்கலாக இருந்தது. சிறுநீர்ப்பையின் வாய் சரியாக மூடாமல் விந்து பின்னால் போய்விடுகிறதாம். ஆபத்தில்லை, ஆனால் குழந்தைக்கு முயல்பவர்கள் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

இந்தப் பொருளின் மேல் எனக்கு உண்மையான கோபம் அதன் கையேட்டில்தான். "வலித்தால் நிறுத்துங்கள்" என்கிறார்கள். மரத்துப்போன இடத்தில் வலி எங்கே தெரியும்? வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கவே கூடாது, அதை உடம்பு சொல்லும் என்று காத்திருக்காமல் போனில் அலாரம் வையுங்கள். வளையத்தைப் போட்டபடி தூங்கிவிடாதீர்கள். கழற்றியதும் வெளிச்சத்தில் தோலைப் பாருங்கள், சிராய்ப்பு இருந்தால் ஆறும்வரை பம்ப் வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம்.

உணர்ச்சிக்கு என்னதான் வழி என்றால், பம்பிடம் இல்லை. எனக்கு ஓரளவு கைகொடுத்தது மொட்டின் அடிப்பக்கம் வைக்கும் சிறிய வைப்ரேட்டரும், "எதுக்கு இவ்வளவு அவசரம்" என்று கேட்ட மனைவியும்தான். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் நரம்பைக் கெடுக்கும், ஒருமுறை இரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

வாங்குவதென்றால் அழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் வால்வு உள்ளதாகப் பாருங்கள், மரத்துப்போன நமக்கு அது கட்டாயம். வளையத்தில் இழுத்துக் கழற்றக் காது போன்ற பிடி இருக்கட்டும். பேட்டரி மாடல் கையில் பலம் குறைந்தவர்களுக்கு மட்டும், அது போடும் சத்தத்தில் இருக்கிற ஆசையும் ஓடிவிடும்.