900-ஆ, 500-ஆ: என் காதுக்குள் எந்த வேகம்?

உள்காதில் மின்முனைகளைப் பொருத்தி, ஒலியை மின்துடிப்பாக நரம்புக்குக் கொடுக்கும் கருவி காக்ளியர் இம்பிளான்ட். அதை வைத்துக்கொண்டவருக்கு, கருவியை அவர் காதுக்கேற்பச் சரிசெய்யும் மேப்பிங்கின்போது 'துடிப்பு வேகம்' என்ற பேச்சு என்றாவது வந்துவிடும். ஒரு மின்முனைக்கு நொடிக்கு எத்தனை மின்துடிப்பு என்ற கணக்கு அது. என் கருவியில் வழக்கமாக வைப்பது 900. போன முறை 500-ஐயும் தனிப் புரோகிராமாகப் போட்டுக்கொண்டு கடலூர் திரும்பினேன். இரண்டு மாதம் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, இப்போது 500-இல் நிற்கிறேன்.

பேச்சில் பெரிய வித்தியாசம் இல்லை. மனைவியை முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு பேசச் சொன்னேன். படம், பாடம், பட்டம் மூன்றும் இரண்டு வேகத்திலும் பிசகவில்லை. குறில், நெடில், ஒற்று எல்லாம் கால அளவுதானே. புலியும் புளியும் இரண்டிலுமே குழப்பம். கடையில் புலி விற்பதில்லை என்ற தைரியத்தில்தான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். 500-க்கு மாறிய முதல் மூன்று நாள் குரல்கள் சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல இருந்தன. நான்காம் நாள் அந்த நினைப்பே இல்லை.

என்னை 500 பக்கம் சாய்த்தது பேட்டரி. 22 மின்முனைகள் இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி வலுத்த 8 மட்டுமே துடிக்கின்றன. ஆக, 900 என்றால் நொடிக்கு 7,200 துடிப்பு. 500 என்றால் 4,000. ஆனால் செலவு அதே விகிதத்தில் குறையாது. துடிப்பு மெதுவானால் அதே சத்தத்துக்கு ஒவ்வொரு துடிப்பிலும் சற்றுக் கூடுதல் மின்சாரம் வேண்டும். அதனால்தான் வேகத்தை மாற்றினால் மெல்லிய ஒலி, உரத்த ஒலி அளவுகளையும் மறுபடி எடுக்கிறார்கள். கருவிக்குப் போடும் 675 என்ற பொத்தான் பேட்டரி ஒரு ஜோடி முன்பு இரண்டரை நாள் வந்தது. இப்போது மூன்று நாளைத் தாண்டுகிறது.

அரை நாள்தானே என்பவர் புதுச்சேரி பஸ்ஸில் என்னோடு வந்திருக்க வேண்டும். ரெட்டிச்சாவடி தாண்டியதும் காதுக்குள் எச்சரிக்கை ஒலி, கிருமாம்பாக்கத்தில் முழு அமைதி. நடத்துநரின் வாய் அசைகிறது. விசில் ஊதுகிறார், அதுவும் இல்லை. புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்தால் உடனே போட முடியாது, காற்றுப் பட்டு உயிர் வரச் சில நிமிடம் ஆகும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தவளக்குப்பம் வரை ஊமைப்படம் பார்த்தேன். ஸ்டிக்கரை முன்கூட்டியே உரித்து வைப்பதும் வீண். உரித்த நொடியிலிருந்து தீரத் தொடங்கிவிடும்.

இசைக்கு எது மேல் என்று கேட்காதீர்கள். பாடலீஸ்வரர் கோயிலில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். தவில் அடி அடியாகத் தெரிந்தது. நாதஸ்வரம் ஏதோ ஊதுகிறது என்பதற்கு மேல் ராகமெல்லாம் இல்லை.

இது ஒரு காது, ஒரு கம்பெனிக் கருவி, அறுபது தாண்டிய ஓர் ஆளின் கணக்கு. குழந்தைக்கு எது பொருந்தும் என்பதை மேப்பிங் செய்பவர்தான் சொல்ல வேண்டும். 1,200-ஐ நான் தொட்டதே இல்லை. 900-ஐ அழிக்கவில்லை, இரண்டாம் இடத்தில் கிடக்கிறது. பேத்தி வரும்போது மட்டும் அதற்கு மாறுகிறேன். அவளுடைய மெல்லிய குரல் அதில் கொஞ்சம் கூர்மையாக விழுவதாக ஒரு நினைப்பு.