லேசர் எல்லை தாண்டுகிறதா: அப்சல்யூட் கோஆர்ட்ஸா, கரண்ட் பொசிஷனா?

லேசர் மெஷினை ஓட்டும் லைட்பர்ன் மென்பொருளில், வேலையின் இடத்தை எதை வைத்துக் கணக்கிடுவது என்று சொல்லும் 'ஸ்டார்ட் ஃப்ரம்' தப்பாக இருந்தால் வேலை இடம் மாறி விழும், இல்லையென்றால் எல்லைக்கு வெளியே போகிறது என்று அலாரம் 2 காட்டி மெஷின் நின்றுவிடும்.

அதில் அப்சல்யூட் கோஆர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தால், திரையில் டிசைனை எங்கே வைத்தீர்களோ மெஷினின் பெட்டிலும் (வேலைப் பரப்பு) அங்கேயே விழும். செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைக்குப் பெட்டிமேல் பெயர் அடிப்பது போல, ஜிக் (பொருளை ஒரே இடத்தில் பிடித்துவைக்கும் அச்சு) போட்டு ஒரே அளவில் வரிசையாக ஓட்டும் வேலைக்கு இதுதான். ஆனால் ஓரத்தில் லிமிட் ஸ்விட்ச் இருந்து, லேசர் ஹெட் அதைத் தொட்டுத் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும் ஹோமிங் (மெஷின் செட்டிங்கில் $22=1) முடிந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மெஷினை ஆன் செய்தபோது ஹெட் நின்ற இடத்தையே பூஜ்யம் என்று ஜிஆர்பிஎல் (மெஷினுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள்) எடுத்துக்கொண்டு, ஃபிரேம் (டிசைனின் எல்லையை ஹெட் சுற்றிக் காட்டுவது) கொடுத்ததும் கடகடவென்று போய்ச் சட்டத்தில் முட்டும். அப்புறம் $130 (எக்ஸ்), $131 (ஒய்) செட்டிங் இரண்டிலும் பெட்டின் உண்மையான மில்லிமீட்டர் அளவு இருக்கிறதா என்று பாருங்கள், பல மெஷினில் அது ஏதோ ஒரு எண்ணாகக் கிடக்கும்.

கரண்ட் பொசிஷனில் ஹெட் இப்போது நிற்கும் இடத்தை வைத்தே வேலை விழும், அதனால் ஹோமிங் தேவையில்லை. ஏற்காட்டில் விற்கும் மரக் கீசெயின் மாதிரி, துண்டுக்குத் துண்டு அளவு மாறும் வேலைக்கு ஹெட்டை நகர்த்தி, ஃபிரேம் பார்த்து அடித்துவிடலாம். சிக்கல் ஜாப் ஆரிஜினில் (டிசைனின் எந்தப் புள்ளி ஹெட் நிற்கும் இடத்தில் வர வேண்டும் என்பது): ஒன்பது புள்ளிகளில் நடுப்புள்ளி தேர்வாகியிருந்து, ஹெட் பெட்டின் கீழ் இடது மூலையில் நின்றால் டிசைன் எல்லைக்கு வெளியே போய்விடும். கீழ் இடது புள்ளிக்கு மாற்றினால் சரி.

ஓவர்ஸ்கேன் இரண்டிலும் படுத்தும். ஃபில் (உட்பகுதியை வரிவரியாக நிரப்புவது) அடிக்கும்போது ஹெட் டிசைனின் ஓரத்தைத் தாண்டி ஓடித்தான் திரும்பும், அதனால் டிசைனைப் பெட்டின் விளிம்பை ஒட்டி வைக்காதீர்கள்.

ஸ்விட்ச் இல்லாத சின்ன டையோடு மெஷினா? யோசிக்காமல் கரண்ட் பொசிஷன்.