ஒரே கார், மூன்று கியர்பாக்ஸ்: மென்பொருளால் எது சரியாகும், எது சரியாகாது

தானியங்கி கியர் உள்ள கார் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வேறு வேறு கார்களை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றில் கியர் மென்மையாக மாறுகிறது, மற்றொன்றில் உதறுகிறது என்று முடிவு செய்கிறார்கள். எடை, இன்ஜின், டயர், சஸ்பென்ஷன் எல்லாம் கலந்துவிடுவதால் அந்த ஒப்பீட்டில் கியர்பாக்ஸின் குணம் தனியாகத் தெரிவதில்லை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா இந்த விஷயத்தில் நமக்கு ஒரு நல்ல சோதனைக்கூடம். 2024 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டு வந்த கிரெட்டாவில் ஒரே உடலுக்குள் மூன்று வகைத் தானியங்கி கியர்பாக்ஸ்கள் கிடைத்தன: 144 நியூட்டன் மீட்டர் இழுவிசை தரும் சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுடன், ஹூண்டாய் ஐவிடி என்று அழைக்கும் சிவிடி, அதாவது கியர் படிகளே இல்லாத வகை. 253 நியூட்டன் மீட்டர் தரும் டர்போ பெட்ரோல் இன்ஜினுடன் ஏழு கியர் இரட்டை கிளட்ச், அதாவது டிசிடி. 250 நியூட்டன் மீட்டர் தரும் டீசல் இன்ஜினுடன், ஆயில் வழியே விசையைக் கடத்தும் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர்.

மூன்றிலும் எந்த நேரத்தில் எந்த கியர் என்று தீர்மானிப்பது ஒரு கணினிதான். கார் உதறுகிறது என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால், "புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறது, போட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்ற பதில் இப்போது வழக்கமாகிவிட்டது. சில சமயம் அது முழு உண்மை. சில சமயம் அது கால அவகாசம் வாங்கும் பேச்சு மட்டுமே. எது எப்போது என்பதைக் கியர்பாக்ஸின் வகை பெருமளவு தீர்மானிக்கிறது என்பதால்தான் இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கணினியின் வேலையைப் பார்த்துவிடலாம். ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது, கார் என்ன வேகத்தில் போகிறது என்ற இரண்டையும் வைத்து வரையப்பட்ட ஓர் அட்டவணை அதனிடம் இருக்கிறது. மேல் கியருக்குப் போகும் வேகமும் கீழ் கியருக்கு இறங்கும் வேகமும் ஒன்றாக இருந்தால் லேசான ஏற்றத்தில் கார் நான்குக்கும் ஐந்துக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விடப்படுகிறது. இன்ஜின் கொடுக்கும் விசைக்கு ஏற்ற வேகம் கூடவில்லை என்றால் கார் ஏற்றத்தில் இருக்கிறது என்று கணினி புரிந்துகொண்டு வேறு அட்டவணைக்கு மாறுகிறது. எரிபொருளும் புகையும் குறைய வேண்டும் என்பதற்காக இன்றைய கார்கள் மேல் கியருக்கு விரைவாகவே போய்விடும்படி அமைக்கப்படுகின்றன. "நாற்பதிலேயே ஐந்தாம் கியர் போட்டுக்கொள்கிறது, மிதித்தால் யோசிக்கிறது" என்ற குறைக்கு அதுவே பெரும்பாலும் காரணம். இது அட்டவணையின் குறை என்பதால் மென்பொருளால் தீரக்கூடியது, எந்த வகை கியர்பாக்ஸாக இருந்தாலும்.

டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இறுக்கமான பிணைப்பு கிடையாது. இன்ஜின் சுழற்றும் ஒரு விசிறி ஆயிலைத் தள்ள, அந்த ஆயில் எதிரே உள்ள மற்றொரு விசிறியைச் சுழற்றுகிறது. நிற்கும் காரைக் கிளப்பும்போது இந்த அமைப்பு இன்ஜினின் இழுவிசையைப் பெருக்கியும் தருகிறது. வேகம் பிடித்த பிறகு ஒரு கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடுகிறது. உள்ளே கியரை மாற்றுபவை ஆயிலில் நனைந்தபடி இருக்கும் கிளட்ச் தட்டுகள். ஒரு தொகுதி விடுபடும் அதே கணத்தில் மற்றொன்று பிடிக்க வேண்டும். விடுவது முந்தினால் இன்ஜின் ஒருமுறை உறுமும். பிடிப்பது முந்தினால் கார் இடிக்கும். தட்டுகள் தேயத் தேய, ஆயில் பழையதாக ஆக, அந்தக் கணம் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே போகும். கணினி ஒவ்வொரு மாற்றத்தையும் அளந்து ஆயில் அழுத்தத்தைத் திருத்திக்கொள்கிறது. நனைந்த தட்டுகள் கொஞ்சம் வழுக்கினாலும் வெப்பத்தை ஆயில் எடுத்துச் சென்றுவிடுவதால், மென்பொருள் எழுதுபவருக்கு இங்கே தாராளமான இடம் கிடைக்கிறது. மூன்றில் மென்பொருள் திருத்தத்துக்கு மிக நன்றாக இணங்குவது இந்த வகைதான் என்பது என் கணிப்பு.

அதற்கும் எல்லை உண்டு. கியர்பாக்ஸ் செய்யும் ஜெர்மன் நிறுவனமான இசட்எஃப் 2009-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் அறிமுகப்படுத்திய எட்டு கியர் பெட்டி இன்றுவரை மென்மைக்கு அளவுகோலாகப் பேசப்படுகிறது. அதே நிறுவனம் முன்சக்கர இழுவைக் கார்களுக்காகச் செய்த ஒன்பது கியர் பெட்டி, 2014 மாடல் ஜீப் செரோக்கியில் வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. குறுகிய இடத்தில் ஒன்பது கியர்களை அடக்குவதற்காக அதில் இரண்டு இடங்களில் வழுக்கும் தட்டுகளுக்குப் பதில், பற்கள் நேருக்கு நேர் பூட்டிக்கொள்ளும் நாய்ப்பல் கிளட்ச் வைக்கப்பட்டது. பல்லோடு பல் பொருந்த இரு பக்க வேகமும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். அந்த ஒத்திசைவை மென்பொருளில் கொண்டுவரும் வேலை நீண்டதால், 2013-இல் தயாரான கார்கள் விற்பனையாளர்களுக்குப் போகாமல் மாதக் கணக்கில் காத்திருந்தன. விற்பனைக்கு வந்த பிறகும் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுப்பிப்புகள் வந்தன, கார்களும் மேம்பட்டன. ஒரே நிறுவனத்தின் திறமை இரண்டு பெட்டிகளிலும் இருந்தும், ஒன்றில் இயந்திரம் மென்பொருளுக்கு இடம் விட்டது, மற்றொன்றில் விடவில்லை.

டிசிடிக்கு வருவோம்; அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சிலும் இரட்டைப்படை கியர்கள் இன்னொன்றிலும் இருக்கின்றன. நீங்கள் மூன்றில் போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்து நான்கா இரண்டா என்று கணினி ஊகித்து அதைத் தயாராக வைத்திருக்கிறது. ஊகம் சரியென்றால் மாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது. வேகம் கூட்டிக்கொண்டே வந்தவர் ஆட்டோ குறுக்கே வந்ததால் பிரேக் அடித்து, உடனே மறுபடி மிதித்தால் ஊகம் பிழைத்து, கார் ஒரு கணம் திகைக்கிறது. இந்தத் திகைப்பை நல்ல மென்பொருள் வெகுவாகக் குறைக்கிறது. ஆனால் டர்போ இன்ஜினில் காற்றழுத்தம் சேர எடுக்கும் தாமதத்தையும் மக்கள் கியர்பாக்ஸின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். மேனுவல் மோடில் ஒரே கியரில் வைத்து மிதித்துப் பார்த்தால், தாமதம் யாருடையது என்பது விளங்கிவிடும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கிரெட்டாவில் உள்ள டிசிடி உலர் வகை: கிளட்ச் தட்டுகள் ஆயிலில் இல்லை, அவற்றைக் குளிர்விக்கக் காற்று மட்டுமே உண்டு. பெருங்களத்தூர் நெரிசலில் நடைவேகத்தில் ஊர்ந்து போகும்போது முதல் கியர் முழுதாகப் பிடித்துவிட்டால் கார் தேவைக்கு மேல் வேகமாகப் போகும்; அதனால் கிளட்ச் பாதி பிடித்தபடி வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வழுக்கல் என்றால் வெப்பம். இங்கே மென்பொருளுக்கு இருப்பது இரண்டே வழிகள். வழுக்கலை நீட்டினால் கார் மென்மையாக ஊரும், தட்டு சூடாகும். வழுக்கலைச் சுருக்கினால் தட்டு பிழைக்கும், கார் வெடுக்கென்று நகரும். அப்டேட்டுக்குப் பிறகு ஊர்வது முன்பைவிட முரடாகிவிட்டது என்று ஒருவர் வருந்தினால், அவருடைய கிளட்சைக் காப்பாற்றுவதற்காகவே அந்த முரட்டுத்தனம் சேர்க்கப்பட்டிருக்கலாம். வெப்பம் எல்லை மீறும்போது காரை நிறுத்தச் சொல்லித் திரையில் எச்சரிக்கை வருவதும் இதே காரணத்தால்தான்.

உலர் கிளட்ச் விஷயத்தில் மென்பொருளின் எல்லை எவ்வளவு கசப்பாக வெளிப்பட்டது என்பதற்கு இரண்டு சான்றுகள் பொது ஆவணங்களில் உள்ளன. ஃபோர்டு நிறுவனத்தின் பவர்ஷிஃப்ட் ஆறு கியர் உலர் டிசிடி, அமெரிக்காவில் 2011 முதல் 2016 வரையிலான ஃபியஸ்டாவிலும் 2012 முதல் 2016 வரையிலான ஃபோகஸிலும் வந்தது. கார் கிளம்பும்போது அதிர்கிறது என்ற புகார்களுக்கு முதலில் மென்பொருள் புதுப்பிப்புகள் தரப்பட்டன. ஆனால் ஷாஃப்ட் சீல் கசிந்து உலர் தட்டின் மேல் ஆயில் படிந்திருந்த கார்களில் எந்த நிரலாலும் அதைத் துடைக்க முடியவில்லை. கிளட்சும் சீலும் மாற்றப்பட்டன, 2014-இல் அமெரிக்காவில் கிளட்சுக்கான உத்தரவாதம் 7 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என நீட்டிக்கப்பட்டது. புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஓட்டும் முறைதான் அதிர்வுக்குக் காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லப்பட்டது அந்த வழக்கில் முக்கியமான ஒன்று. நம் மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டும் 2013-இல் இதே இரட்டை கிளட்ச் அமைப்புடன்தான் வந்தது. 2017 நவம்பரில் புதுப்பிக்கப்பட்டபோது அந்த இடத்தில் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருந்தது.

மற்றொன்று ஃபோக்ஸ்வாகனின் டிக்யூ200 என்ற ஏழு கியர் உலர் டிஎஸ்ஜி; டிசிடிக்கு அந்த நிறுவனம் வைத்த பெயர் அது. சீனாவில் 2013-இல் 3,84,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் உலக அளவில் சுமார் 16 லட்சம் கார்கள் அழைக்கப்பட்டு, மின்கோளாறுக்குக் காரணமான செயற்கை ஆயில் எடுக்கப்பட்டு கனிம ஆயில் ஊற்றப்பட்டது. அந்தப் பெட்டி கைவிடப்படவில்லை; திருத்தப்பட்டு ஃபோக்ஸ்வாகனின் இன்றைய டைகுன் காரின் 1.5 லிட்டர் டர்போவரை வந்திருக்கிறது. அதே காரின் 1.0 லிட்டர் இன்ஜினுக்கு ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் தரப்பட்டது. உலர் டிசிடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தன் நாளின் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் கழிகிறது என்பவருக்கு அதைவிட இன்பமான பெட்டி இந்த விலையில் இல்லை.

சிவிடியில் கியர்களே கிடையாது. இரண்டு கப்பிகள், அவற்றுக்கிடையே ஓர் எஃகுச் சங்கிலி. கப்பியின் இரு பாதிகள் நெருங்கினால் சங்கிலி வெளிவட்டத்தில் ஓடும், விலகினால் உள்வட்டத்துக்கு இறங்கும். நெரிசலில் இதன் இதத்துக்கு ஈடு இல்லை. வேகமாக முந்த முயலும்போது மட்டும், இன்ஜின் இரைச்சல் முதலில் ஏறிவிட்டு வேகம் பின்னால் இழுபட்டு வருவதுபோல் தோன்றும். இந்தத் தோற்றத்தை மாற்ற, வேகம் கூடும்போது கியர் மாறுவதுபோன்ற படிகளை நிரலிலேயே எழுதி வைக்கிறார்கள். அந்தப் படிகள் முழுக்க முழுக்க மென்பொருளின் படைப்பு, உள்ளே எந்தப் பல்லும் மாறுவதில்லை. சங்கிலியைக் கப்பி எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதும் கணினியின் முடிவே. இறுக்கம் போதாமல் ஒருமுறை வழுக்கினால் கப்பியின் முகத்தில் விழும் கீறலை எந்த அப்டேட்டும் ஆற்றாது. ஆகவே சிவிடி உரிமையாளர் புது மென்பொருளைவிட, குறிப்பிட்ட ரக ஆயிலைக் குறித்த காலத்தில் மாற்றுவதில் கண்ணாக இருப்பது நல்லது.

கிரெட்டாவில் இல்லாத ஏஎம்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014-இல் மாருதி செலேரியோ மூலம் இந்தியாவில் பரவிய இது, சாதாரண மேனுவல் பெட்டியின் கிளட்சையும் கியரையும் மோட்டார்கள் இயக்கும் ஏற்பாடு. கிளட்ச் விலகும் நேரத்தில் சக்கரத்துக்கு விசை போகாது. தலை முன்னும் பின்னும் ஆடுவதன் காரணம் அதுவே. அந்த இடைவெளியை மென்பொருள் குறைக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது. கியர் மாறப்போகும் நேரம் பழகியதும் காலை லேசாக எடுத்துக்கொடுப்பவர் எந்த அப்டேட்டையும்விட அதிக மென்மையைப் பெற்றுவிடுகிறார்.

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது மூன்று கிரெட்டாக்களுமே உதவி கேட்கும். காலை எடுத்ததும் மேல் கியருக்குப் போய்விடும் பழக்கம் இறக்கத்தில் ஆபத்தானது. இறக்கத்தை உணர்ந்து கியரைக் குறைக்கும் நிரல் இருந்தாலும், அதை நம்பிப் பிரேக்கைச் சுட வைக்காமல், நாமே மேனுவல் மோடுக்கு மாற்றி கீழ் கியரில் இறங்க வேண்டும். டார்க் கன்வெர்ட்டரும் டிசிடியும் இங்கே இன்ஜினின் தடையை உறுதியாகத் தருகின்றன. சிவிடி தருவது சற்றுக் குறைவாகவே எனக்குத் தோன்றியிருக்கிறது.

அப்டேட் செய்துகொள்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. காற்றுவழியே வரும் புதுப்பிப்பு பல கார்களில் பாட்டுத்திரையையும் வரைபடத்தையும் மட்டுமே தொடுகிறது. கியர்பாக்ஸ் கணினிக்கான நிரலைப் பெரும்பாலும் சர்வீஸ் சென்டரில் கருவியை இணைத்துத்தான் ஏற்றுகிறார்கள். எனவே அந்தக் கணினியின் பழைய பதிப்பு எண்ணும் புதிய பதிப்பு எண்ணும் ஜாப் கார்டில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். நிரல் மாறும்போது கார் அதுவரை கற்றுவைத்திருந்த கிளட்ச் அளவுகள் அழிக்கப்படலாம். என் மைத்துனர் தன் டார்க் கன்வெர்ட்டர் காருக்கு அப்டேட் போட்ட மறுநாள் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இடிக்கிறது என்று கொதித்துப்போனார். நானும் ஓட்டிப் பார்த்தேன், இடித்தது. சண்டைக்குப் போகுமுன் பத்து நாள் நிதானமாக, ஒரே சீராக மிதித்து ஓட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டாம் வாரத்தில் இடி நின்றுவிட்டது. நிற்காமல் இருந்திருந்தால், அளவுகளைக் கருவி மூலம் மறுபடி கற்பிக்கும் முறையைச் செய்தார்களா என்று கேட்டிருக்க வேண்டும். ஒருமுறை கற்பித்த பிறகும் அதே குறை திரும்பினால் அடுத்த அப்டேட்டுக்குக் காத்திருக்காமல் ஆயிலையும் கிளட்சையும் திறந்து பார்க்கச் சொல்வது நம் உரிமை.

தினமும் நகர நெரிசல் என்றால் நான் பெட்ரோலில் சிவிடியையும், குடும்பத்தோடு அடிக்கடி மலையும் நெடுந்தூரமும் என்றால் டீசலின் டார்க் கன்வெர்ட்டரையும் எடுப்பேன். டிசிடிதான் வேண்டும் என்று மனம் இழுத்தால், ஷோரூம்காரர் காட்டும் நேர்ச்சாலையில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்திலிருந்து மேலேறும் சரிவில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ரிவர்ஸில் மெதுவாக ஏற்றி, பாதியில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள். உலர் கிளட்சுக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது. வாசனையும் அதிர்வும் இல்லாமல் ஏறிவிட்டால் முன்பணம் கட்டலாம்.