சாம்பக்கட்டியா, பாறையா? அசென்ஷன், செயின்ட் ஹெலினா, ட்ரிஸ்டன் மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா

சவுத் அட்லாண்டிக் மேப்ல ஆப்பிரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் நடுவுல விரல வெச்சீங்கன்னா நீலத்தத் தவிர ஒண்ணும் இருக்காது, நல்லா ஜூம் பண்ணிக்கிட்டே போனாத்தான் மூணு புள்ளி கண்ணுல படும். மேல அசென்ஷன், அங்கேருந்து தென்கிழக்கா ஏறக்குறைய 1,300 கி.மீ. போனா செயின்ட் ஹெலினா, அதுக்கும் கீழ 2,400 கி.மீ. போனா ட்ரிஸ்டன் டா குன்யா. மூணும் ஒரே பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி, மூணும் கடலடியில எரிமலை கக்கிக் கக்கி மேல வந்த நிலம், அதனால "எல்லாம் ஒண்ணுதானே"னு நெனைக்கத் தோணும். ஆனா நிலத்த மட்டும் பாத்தா மூணும் மூணு வேற ஊரு, அதுல எது முதல்ல பாக்க வேண்டியதுனு என்கிட்ட கேட்டா என்கிட்ட தெளிவான பதில் இருக்கு, நிறைய பேரு சொல்ற பதில் இல்ல அது.

நிறைய பேரு சொல்றது ஹெலினா. நெப்போலியன் 1815-லேருந்து 1821-ல சாகுற வரைக்கும் இருந்த இடம், பச்சையா இருக்கும், பள்ளத்தாக்கு, அருவி எல்லாம் இருக்கு. இந்தப் போட்டி ரொம்பப் பழசு. 1836 ஜூலையில டார்வின் ஹெலினாவப் பாத்துட்டு அடுத்து அசென்ஷன்ல இறங்குறாரு, அப்ப ஹெலினாக்காரங்க சொல்ற ஒரு பேச்சக் குறிச்சு வெச்சிருக்காரு: நாங்க இருக்கறது பாறை மேலனு எங்களுக்குத் தெரியும், ஆனா பாவம் அசென்ஷன்காரங்க, அவங்க இருக்கறது சாம்பக்கட்டி மேல. எனக்கு அந்தச் சாம்பக்கட்டிதான் பிடிச்சிருக்கு, ஏன்னு சொல்றேன்.

முதல்ல வயசு, ஏன்னா இங்க எல்லா வித்தியாசமும் அதுலேருந்துதான் ஆரம்பிக்குது. ட்ரிஸ்டன் ரொம்பச் சின்னப் பையன், சுமார் 2 லட்சம் வருஷம். அசென்ஷன் கடலுக்கு மேல தலைய நீட்டி சுமார் 10 லட்சம் வருஷம். ஹெலினா 1.4 கோடி வருஷத்துக்கு முன்ன ஆரம்பிச்சு 70 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே நெருப்பு அணைஞ்சுபோன தீவு. அணைஞ்சதுக்கப்புறம் அந்த 70 லட்சம் வருஷமா மழையும் அலையும் அத அறுத்துக்கிட்டே இருந்திருக்கு. அதாவது நீங்க ஹெலினாவுல பாக்கறது எரிமலை இல்ல, எரிமலையோட மிச்சம்.

அந்த மிச்சம் அழகுதான், இல்லேன்னு சொல்லல. 120 சதுர கி.மீ.ல ரெண்டு பெரிய எரிமலை, ஒண்ணு வடகிழக்குல, இன்னொண்ணு தென்மேற்குல, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு ஒரே தீவாயிருக்கு. தெற்குல 'சாண்டி பே'ன்னு ஒரு பக்கம் இருக்கு, அது தென்மேற்கு எரிமலையோட வயித்தக் கிழிச்சு உள்ள காட்டுற மாதிரி. எரிமலைக் கொழாய்ல கடைசியா இறுகிப்போன கெட்டிப் பாறை மட்டும் தூணா நிக்குது, சுத்தி இருந்த மெத்துப் பாறையெல்லாம் மழையில போயிருச்சு. லாட், லாட்டின் மனைவினு பைபிள் பேரு வெச்சிருக்காங்க அந்தத் தூணுங்களுக்கு. பக்கத்துல வெடிப்புல ஏறி இறுகின லாவா செவுரு மாதிரி நீளமா நிக்குது, ஊருக்குள்ள பழைய மதில் இடிஞ்சு நிக்கற மாதிரியே இருக்கும் போட்டோவுல பாத்தா. பூமிக்கு உள்ள என்ன நடந்துதுன்னு வெளியில நின்னு பாக்கறதுக்கு ஹெலினா மாதிரி இடம் கம்மி.

ஆனா அங்க ஒரு சங்கடம் இருக்கு, நடு மேட்டுலேருந்து எல்லாப் பக்கமும் பள்ளத்தாக்கு ஆழமா இறங்கி கடலோரத்துல செங்குத்தா வெட்டுப்பட்டு நிக்குது, சமதளம்னு ஒண்ணு கிடைக்கறதே பெரிய விஷயம். தலைநகரம் ஜேம்ஸ்டவுன் ரெண்டு மலைச்செவுத்துக்கு நடுவுல ஒரு கோடு மாதிரி செருகியிருக்கு, மேலேருந்து கல்லு உருண்டு வரும்னு மலைச்சரிவுல வலை கட்டி வெச்சிருக்காங்க, மேட்டுக்கு ஏற 699 படி ஜேக்கப் ஏணி. ஏர்போர்ட் கட்டறப்ப இந்த நிலம் என்ன பாடு படுத்துச்சுன்னு தெரியணும்னா, டிரை கட்னு ஒரு பள்ளத்தாக்க கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரத்துக்கு மண்ணும் கல்லும் கொட்டி ரொப்பித்தான் ரன்வேயே போட்டாங்க, அதுக்கப்புறமும் மலை விளிம்புல காத்து திடீர்னு திசை மாறி அடிச்சதால 2016-ல ரெடியான ஏர்போர்ட்டுக்கு ரெகுலர் பிளைட் வரவே 2017 அக்டோபர் ஆச்சு. அசென்ஷன்ல பாருங்க, 1942-ல அமெரிக்க ராணுவ இன்ஜினியர்ங்க வந்து சில மாசத்துல ரன்வே போட்டுட்டாங்க, ஏன்னா அந்த லாவா மேட்ட இன்னும் தண்ணி அறுக்கவே இல்ல. ஒரு தீவோட வயச ரன்வேய வெச்சே சொல்லிடலாம்.

இப்ப தண்ணிக்கு வரேன், எனக்கு இதுதான் முக்கியம். ரெண்டு தீவுக்கும் வீசறது ஒரே தென்கிழக்கு வணிகக் காத்துதான், ரெண்டுலயும் காத்து மோதற பக்கமும் உச்சியும்தான் ஈரம், ரெண்டுலயும் ஊர் இருக்கறது காத்து மறைஞ்ச வடமேற்குப் பக்கம், ஏன்னா கப்பல் நிக்க அங்கதான் கடல் அமைதியா இருக்கும். உயரமும் பெரிய வித்தியாசம் இல்ல, அசென்ஷனோட கிரீன் மவுண்டன் 859 மீட்டர், ஹெலினாவோட டயானாஸ் பீக் சுமார் 820. ஆனா ஹெலினாவுல ஓடை ஓடுது, அசென்ஷன்ல வருஷம் பூரா ஓடற ஆறு ஒண்ணு கூட இல்ல. காரணம், ஹெலினா பாறை கோடி வருஷத்துல மக்கி களிமண்ணாகி தண்ணியப் பிடிச்சு வெச்சுக்குது, அசென்ஷன்ல இருக்கறது இன்னும் எரிமலை துப்பின புதுக் கங்குக் கல்லும் ஓட்டை ஓட்டையான லாவாவும், மேல எவ்ளோ விழுந்தாலும் சல்லடை மாதிரி உள்ள போயிடும். 1701-ல டாம்பியர்ங்கற இங்கிலீஷ் மாலுமியோட கப்பல் அங்க மூழ்கினப்போ ஆளுங்க பொழச்சது மலையில ஒரு ஊத்தக் கண்டுபிடிச்சதாலதான், ஆமையும் ஆடும் தின்னுட்டு அஞ்சு வாரம் போல இருந்தாங்க.

அந்தத் தண்ணிப் பஞ்சத்துலேருந்துதான் அசென்ஷனோட பெரிய கதை வருது. நெப்போலியன ஹெலினாவுல வெச்சதும், பக்கத்துத் தீவ பிரெஞ்சுக்காரன் பிடிச்சிடக் கூடாதுன்னு 1815-ல பிரிட்டிஷ் நேவி இங்க வந்து உக்காந்துச்சு. அப்போ மலையில பெரிய மரம்னு ஒண்ணு கிடையாது, பெரணியும் பாசியும் கொஞ்சம் புல்லும்தான். 1843-ல ஜோசப் ஹூக்கர்ங்கற தாவரவியல் அறிஞர் வந்து பாத்துட்டு, உச்சியில மரத்த நட்டா வர்ற மேகத்தப் பிடிக்கும், மண்ணு நிக்கும், தண்ணி கிடைக்கும்னு யோசனை சொல்றாரு, 1850-லேருந்து லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துலேருந்தும் வேற வேற இடத்துலேருந்தும் கப்பல் கப்பலா செடி வந்து இறங்குது. மூங்கில், யூகலிப்டஸ், வாழை, இஞ்சின்னு கலந்து கட்டி இன்னிக்கு உச்சியில ஒரு மேகக்காடு நிக்குது, உச்சியில மூங்கிலுக்கு நடுவுல ஒரு சின்னக் குளம், பனித்துளிக் குளம்னு சொல்லலாம். மரம் நட்டதால தீவுல மழையே கூடிடுச்சுன்னு சிலர் எழுதறாங்க, அத நான் அப்படியே எடுத்துக்க மாட்டேன், மேகம் இலையில மோதிச் சொட்டறது ஒண்ணு, மழை கூடறது இன்னொண்ணு.

இங்கதான் என் ஓட்டு அசென்ஷனுக்குப் போகுது. 88 சதுர கி.மீ. தீவு, 44 எரிமலை வாய் எண்ணிச் சொல்றாங்க, கீழ ஜார்ஜ்டவுன் பக்கம் செவப்பும் கருப்புமா கங்குக் குன்னு, கால வெச்சா சரசரன்னு சரியற மாதிரி, கடைசியா லாவா ஓடி சில நூறு வருஷம்தான் ஆகியிருக்கும்னு ஆய்வு சொல்லுது. அங்கேருந்து ஒரே நாள்ல நடந்து ஏறினா பாலைவனம் முடிஞ்சு புதர், புதர் முடிஞ்சு புல், புல் முடிஞ்சு இலையெல்லாம் தண்ணி சொட்டற மூங்கில் காடு. நெருப்பு போட்ட நிலம், காத்து கொண்டு வந்த ஈரம், மனுஷன் நட்ட காடு, மூணும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கு அடுக்கா தெரியற வேற தீவு எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அந்தக் காட்டால நஷ்டமே இல்லையான்னா இருக்கு. அந்தத் தீவுல மட்டுமே இருந்த பெரணி வகைங்க வந்தேறிச் செடிக்கு அடியில நசுங்கிருச்சு. கொத்தமல்லித் தழை மாதிரி இத்துனூண்டு பெரணி ஒண்ணு அழிஞ்சே போச்சுன்னு எழுதி மூடிட்டாங்க, 2010 வாக்குல மலைச்சரிவுல நாலஞ்சு செடி உசுரோட இருக்கறதக் கண்டுபிடிச்சு கியூ தோட்டத்துல வளத்தெடுத்தாங்க, அந்தச் செய்தியப் படிச்ச அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தச் சொல்ல முடியாது. இன்னொரு சின்னப் பெரணி வந்தேறி மரத்தோட பாசியிலேயே ஒட்டிக்கிட்டு வாழுது. அதனால காட்ட வெட்டுன்னும் சொல்ல முடியல, அப்படியே விடுன்னும் சொல்ல முடியல.

நம்மாளுங்களுக்கு டக்குனு புரியற ஒரு விஷயமும் அங்க இருக்கு. கீழ்ச் சமவெளியில மெக்சிகன் முள்ளுன்னு ஒரு மரம் பரவிக் கிடக்குது, அது வேற ஒண்ணுமில்ல, நம்ம சீமைக் கருவேலம்தான். ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் வளந்தவங்களுக்கு அது எப்படிக் கண்மாயத் திங்கும்னு சொல்லித் தர வேண்டியதில்ல. அங்க 1960-கள்ல டூ போட்ஸ் கிராமம் வந்த சமயத்துல கொண்டு வந்தது, காட்டுக் கழுதைங்க நெத்தத் தின்னுட்டு போற எடமெல்லாம் வெதச்சிட்டுப் போகுது, இங்க ஆடு செய்யற அதே வேலை. இப்ப அது கடற்கரைய நோக்கி வர்றதுதான் பயம், ஏன்னா அந்தக் கரையிலதான் பச்சை ஆமை முட்டையிடுது.

அந்த ஆமை மூணு தீவுல அசென்ஷனுக்குத்தான் கூட்டமா வரும், அதுக்கும் காரணம் நிலம்தான். ஹெலினா ஓரம் செங்குத்து, மணல் கரைன்னு சொல்ல அதிகம் இல்ல. ட்ரிஸ்டன்ல குளிரு, கருங்கல்லு. அசென்ஷன்ல லாவாவுக்கு நடுவுல சிப்பியும் கடல் உயிரோட ஓடும் பொடிஞ்சு வெளிர் மணலா சேர்ந்த கரைங்க இருக்கு, லாங் பீச் அதுல பெருசு. ஆமைங்க பிரேசில் கரையோரம் மேஞ்சிட்டு 2,000 கி.மீ.க்கு மேல நீந்தி வந்து இந்தப் புள்ளியக் கண்டுபிடிச்சு முட்டையிட்டுட்டு திரும்பிப் போகும், வந்த எடத்துல அதுக்குத் தின்ன ஒண்ணும் கெடையாது.

உயிரினத்துல ஹெலினாதான் பெருசு, அத ஒத்துக்கறேன். வயசு கூடன்னா அங்கேயே தனியா மாறி உருவான செடி, பூச்சியும் கூட. ஆனா அங்க நடந்த அழிவும் அதுக்கேத்த பெருசு. போர்ச்சுகீசுக்காரங்க விட்ட ஆடு காட்டத் தின்னுச்சு, மெட்ராஸ்லேருந்தும் வங்காளத்துலேருந்தும் திரும்பற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் எல்லாம் நின்னு தண்ணி ஏத்தற எடம்ங்கறதால வெறகுக்கு மரம் வெட்டுனாங்க, அப்புறம் கயித்துக்குன்னு நியூசிலாந்து நாருச்செடிய மலை பூரா நட்டு, 1966-ல அந்தத் தொழிலும் படுத்துருச்சு, செடி மட்டும் நிக்குது. ஹெலினா ஒலிவ் மரம் 2003-ல கடைசியா செத்துப்போச்சு. ஆனா அதே தீவுல, போயே போச்சுன்னு நெனச்ச எபனிங்கற செடி 1980-ல ஒரு பாறை விளிம்புல ரெண்டே செடியாக் கெடச்சு, அதுலேருந்து ஆயிரக்கணக்கா வளத்துட்டாங்க.

ட்ரிஸ்டன நான் கொஞ்சம் சீக்கிரமாவே கடந்து போறேன், அது பிடிக்காததால இல்ல, அது ரொம்ப நேரடியான தீவு. நடுக்கடல்ல ஒரே ஒரு கூம்பு, 2,062 மீட்டர், குளிர்காலத்துல உச்சியில பனி, உச்சி வாய்க்குள்ள ஒரு ஏரி, கூம்போட பாதம் சுமார் 600 மீட்டர் செங்குத்துச் செவுரா கடல்ல இறங்குது. வடமேற்கு ஓரத்துல மட்டும் ஒரு துண்டு சமவெளி, அங்கதான் ஊரு, அங்கதான் உருளைக்கிழங்குத் தோட்டம். 1961 அக்டோபர்ல ஊருக்குப் பக்கத்துலயே நிலம் வெடிச்சு லாவா வந்துச்சு, 264 பேரும் தீவக் காலி பண்ணி இங்கிலாந்து போயிட்டாங்க, 1963-ல பெரும்பாலானவங்க திரும்பி வந்து அதே எடத்துல வீட்டத் திறந்தாங்க. அந்தப் புதுக் குன்னு இன்னிக்கும் ஊரு ஓரத்துல கருப்பா நிக்குது. எரிமலைக்குப் பக்கத்துல வாழறதுன்னா என்னன்னு மனுஷங்கள வெச்சுப் புரிஞ்சுக்க ட்ரிஸ்டன், ஆனா கேப்டவுன்லேருந்து ஒரு வாரக் கப்பல், போய்ச் சேந்தாலும் கடல் விட்டாத்தான் கரையில கால் வெக்க முடியும்.

போற வழிய வெச்சுப் பாத்தா ஹெலினாதான் சுலபம், ஜோகன்னஸ்பர்க்லேருந்து பிளைட் இருக்கு. அசென்ஷனுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும், பிளைட்டும் கம்மி, அங்க யாருக்கும் நிரந்தரமாத் தங்கற உரிமையும் கெடையாது, இருக்கற சில நூறு பேரும் வேலைக்காக வந்தவங்கதான். அப்படியும் நான் ஒரு டிக்கெட் போட்டா அசென்ஷனுக்குத்தான், அதுவும் வருஷத்தோட முதல் மாசங்கள்ல. ராத்திரி லாங் பீச்ல லைட் அடிக்காம உக்காந்து ஆமை ஏறி வர்றதப் பாத்துட்டு, விடியக்காலைல அந்தச் சரசரக்கற கங்கு மேட்டுலேருந்து நடக்க ஆரம்பிச்சா, மதியத்துக்குள்ள மூங்கில் காட்டுல நனைஞ்சுக்கிட்டு நிக்கலாம்.