விசா நீட்டிப்புக்கு ஈ-எஃப்ஆர்ஆர்ஓ: புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இந்தியாவில் விசாவை நீட்டிக்க ஒரு காலத்தில் ஃபைல் கட்டோடு அலுவலக வாசலில் நிற்பதுதான் வழி. 2018 ஏப்ரலில் உள்துறை அமைச்சகத்தின் குடியேற்றப் பணியகம் ஈ-எஃப்ஆர்ஆர்ஓ என்ற, வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகங்களுக்கான இணையச் சேவையை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. விசா நீட்டிப்பு, விசா வகை மாற்றம், பதிவு, முகவரி மாற்றம், வெளியேறும் அனுமதி என்று 27 வேலைகளை வீட்டிலிருந்தே முடிக்கலாம் என்ற அறிவிப்போடு வந்தது. அது பெரும்பாலும் உண்மைதான். ஆவணங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பவர் யார் முகத்தையும் பார்க்காமல் நீட்டிப்பு வாங்கிவிடலாம். பொருந்தாதவர் அதே வரிசையில் இப்போது மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தபடி நிற்கிறார். இந்தப் பகுதியில் ஆவணங்கள் பொருந்தாமல் போவதற்கென்றே சில தனிக் காரணங்கள் உண்டு. இந்த விமர்சனத்தின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு கசப்பான செய்தி. சுற்றுலா விசா நீட்டிக்கப்படாது, வேறு வகைக்கு மாற்றவும் முடியாது. திடீர் உடல்நலக் குறைவு போன்ற விதிவிலக்குகள் சில உண்டு. அதற்கும் மருத்துவமனைச் சான்று கேட்பார்கள். "இன்னும் ரெண்டு மாசம் இங்கேயே இருக்கலாம்னு தோணுது" என்பது காரணமாகாது. வைட் டவுன் விடுதிகளில் தங்கியிருப்பவர்களும் ஆரோவில்லுக்கு யோகா கற்க வந்தவர்களும் மாலை முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து விண்ணப்பித்துவிட்டு, மறுப்பு வந்த பிறகு பதறுவது இதனால்தான். நுழைவு விசா, வேலை விசா, மாணவர் விசா, ஆராய்ச்சி விசா, மருத்துவ விசா போன்றவற்றில் ஒன்று கையில் இருப்பவருக்கே இந்தத் தளத்தில் நீட்டிப்பு வேலை.

180 நாளுக்கு மேல் செல்லும் விசாவாக இருந்தால், வந்து இறங்கிய 14 நாளுக்குள் பதிவு செய்யச் சொல்லும் குறிப்பு விசாவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் 180 நாளுக்குள் கிளம்பிவிடுபவருக்குப் பதிவு தேவையில்லை என்று சில விசாக்களிலேயே எழுதியிருக்கும். பதிவையே செய்யாமல் விட்டவர் நீட்டிப்புக்கு வந்தால் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

இனி முகவரி. தவறுகளின் தலைநகரம் இதுதான். புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கும் நிலப்பரப்பு இது. கோட்டக்குப்பத்தில் குடியிருப்பவர் கடிதம், கூரியர், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் "பாண்டிச்சேரி" என்றே எழுதுவார். ஆனால் அவர் வீடு விழுப்புரம் மாவட்டம். ஆரோவில்லின் பெரும்பகுதியும் அப்படியே. அஞ்சல் குறியீடு 605101 என்று புதுச்சேரிக் குறியீட்டின் சாயலில் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. தெற்கே பாகூர் புதுச்சேரி. கொஞ்சம் தள்ளிப்போனால் கடலூர் மாவட்டம். விண்ணப்பம் எந்த அலுவலகத்துக்குப் போகும் என்பது நாம் தேர்ந்தெடுக்கும் மாநிலத்தையும் மாவட்டத்தையும் பொறுத்தது. தமிழ்நாட்டு மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளரே வெளிநாட்டினர் பதிவு அதிகாரி. மாவட்டத்தை மாற்றிப் போட்டால் விண்ணப்பம் சம்பந்தமில்லாத மேசைக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து திரும்புவதற்குள் விசாவில் இருக்கும் நாட்கள் கரைந்துபோகும்.

சந்தேகம் இருந்தால் கரண்ட் பில்லைப் பாருங்கள். புதுச்சேரி மின்துறை போட்ட பில் என்றால் வீடு புதுச்சேரி. தமிழ்நாடு மின்வாரியத்தின் பில் என்றால், வாசலில் நின்றால் பாண்டி கடற்கரைக் காற்று வீசினாலும் வீடு தமிழ்நாடு. இதைவிட எளிய சோதனை கிடையாது. அதே பில்தான் முகவரிச் சான்றாகவும் போகும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு என்பதால், "சமீபத்திய பில்" என்று நீங்கள் இணைப்பது கொஞ்சம் பழையதாகத் தெரியலாம். விண்ணப்பிக்கும் வாரத்தில் புது பில் வரவிருந்தால் அதற்குக் காத்திருப்பது நல்லது. பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் என்பதால், அவருடைய அடையாளச் சான்றின் நகலும் வாடகை ஒப்பந்தமும் சேர்ந்து போக வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் ஊரில் 11 மாதத்துக்கு எழுதுவதுதான் வழக்கம். ஓராண்டு நீட்டிப்பு கேட்கும் விண்ணப்பத்தோடு, இரண்டு மாதத்தில் முடியப்போகும் ஒப்பந்தத்தை இணைத்தால் கேள்வி வராமல் இருக்குமா? நீட்டிப்புக்குப் போகும் முன்பே ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, நோட்டரி கையெழுத்தும் வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம். ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பத்திரம் எழுதுபவர் பழக்கதோஷத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துவிடுவார். அதைப் பார்த்து நீக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, தங்க வைப்பவர் தர வேண்டிய தகவல் படிவம். சி படிவம் என்பது பலருக்கும் பழகிய பெயர். வெளிநாட்டவர் யார் வீட்டில் தங்கினாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் தங்க வைத்தவர் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். ஓட்டல்காரர்களுக்கு இது அத்துப்படி. வாடகைக்கு விடும் தனி வீட்டுக்காரர்களில் பலருக்கு இது தங்களுக்கும் பொருந்தும் என்றே தெரியாது. முதல் வாரம் விடுதி, அப்புறம் லாஸ்பேட்டையில் வாடகை வீடு என்று மாறுபவருக்கு, அரசு கணக்கில் முகவரி விடுதியிலேயே நின்றுபோகும். விண்ணப்பத்திலோ லாஸ்பேட்டை. இரண்டும் மோதும்போது விண்ணப்பம் நின்றுவிடும். வீட்டுக்காரர் தன் வீட்டைத் தளத்தில் ஒருமுறை பதிவு செய்துகொண்டால், அனுமதி வந்தபின் யார் குடிவந்தாலும் சில நிமிட வேலைதான். "போலீஸ் கீலீஸ்னு எதுக்கு வம்பு" என்று தயங்கும் வீட்டுக்காரரிடம், தெரிவிக்காமல் இருப்பதுதான் வம்பு என்று குடிவரும் முன்பே பேசி முடித்துவிடுவது உத்தமம்.

படிவம் நிரப்புவதற்கு மின்னஞ்சல் முகவரியும் கைபேசி எண்ணும் வேண்டும். இரண்டும் விண்ணப்பதாரருடையதாகவே இருக்கட்டும். பெயரைப் பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரி எந்திர எழுத்தைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டும். அங்கே முதலில் குடும்பப் பெயர், இரண்டு கோணக்குறிகள், பிறகு இயற்பெயர்கள் என்ற வரிசை. பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டின் மேல்பக்கத்தில் எழுத்துக்கு மேல் கீற்றுகள் இருக்கும். அந்த இரண்டு வரியில் இருக்காது. தளத்திலும் வேண்டாம். மணமான பெண்களின் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் பிறந்த வீட்டுப் பெயர் ஓரிடத்திலும் கணவர் குடும்பப் பெயர் இன்னோரிடத்திலும் வரும். விசாவில் எது ஏறியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். சொல்தா குடும்பங்களில் (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்களில்) பாட்டி ஒரு பெயரிலும் பேத்தி ஒரு பெயரிலும் இருப்பது சாதாரணம். அதிகாரிக்கு அது சாதாரணமாகத் தெரியாது. ஆகவே பெயர் வேறுபாட்டை விளக்கும் ஒரு பத்தியைக் கோரிக்கைக் கடிதத்திலேயே சேர்த்துவிடலாம்.

ஸ்கேன் செய்ய வேண்டியவை: பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம், விசா, கடைசியாக வந்திறங்கிய முத்திரை உள்ள பக்கம், முன்பு பெற்ற பதிவுச் சான்று இருந்தால் அது, முகவரிச் சான்றுகள், கையெழுத்திட்ட கோரிக்கைக் கடிதம். முத்திரையில் தேதி மங்கலாக இருந்தால் கைபேசியில் வெயிலில் படம் எடுப்பதைவிட ஜெராக்ஸ் கடை ஸ்கேனரே மேல். அளவு வரம்பு பதிவேற்றும் இடத்திலேயே போட்டிருக்கும். அதற்குள் சுருக்கும்போது எழுத்து படிக்க முடியாமல் போனால் அதுவும் ஒரு கேள்வியாகத் திரும்பும். வேலை விசாக்காரருக்கு ஒப்பந்தமும் வருமான வரி ஆவணங்களும் கூடுதலாக வேண்டும். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலோ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ படிப்பவருக்குக் கல்வி நிறுவனத்தின் சான்று வேண்டும். அந்தச் சான்றில் படிப்பு முடியும் தேதி இருக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் "எங்கள் மாணவர்" என்று மட்டும் எழுதி வாங்கி வருவது வீண் அலைச்சல்.

பழைய மாதிரிக் கடிதங்களை அப்படியே நகலெடுக்க வேண்டாம். 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தைக் குறிப்பிடும் வாசகங்கள் காலாவதியாகிவிட்டன. அதையும் இன்னும் மூன்று சட்டங்களையும் நீக்கிவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விசா முடிந்தும் தங்கினால் மூன்று ஆண்டு வரை சிறையோ 3 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. "நாலு நாள் முன்ன பின்ன ஆனா என்ன" என்ற பேச்சு இதில் செல்லாது. ஆறேழு வாரம் கையில் இருக்கும்போதே வேலையைத் தொடங்குவது நல்லது.

விண்ணப்பம் போன பிறகு தளத்தின் குறைகள் தெரிய ஆரம்பிக்கும். கேள்விகள் மிகச் சுருக்கமாக வரும். "முகவரிச் சான்று இணைக்கவும்" என்றால், ஏற்கெனவே இணைத்தது ஏன் போதவில்லை என்று நாமே யூகிக்க வேண்டும். பெரும்பாலும் பெயரோ தேதியோ பொருந்தாததுதான் காரணம். அதே கோப்பை மறுபடி ஏற்றினால் அதே கேள்வி திரும்பும். ஸ்பேம் பெட்டியையும் தினம் ஒருமுறை பார்க்க வேண்டும். மின்னஞ்சல் வராவிட்டாலும் தளத்தில் நுழைந்து நிலையைப் பார்ப்பது பாதுகாப்பு. கட்டணம் இணையத்திலேயே. நாட்டுக்கும் விசா வகைக்கும் ஏற்ப அது மாறும்.

ஏஜென்ட் வேண்டுமா? கணினிப் பழக்கம் இல்லாத முதியவருக்கு ஒரு துணை தேவைதான். ஆனால் ஏஜென்ட் தன் மின்னஞ்சலையும் தன் எண்ணையும் போட்டு விண்ணப்பித்தால், கேள்வி வந்தது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் ஊருக்குப் போயிருந்தால் விண்ணப்பமும் அவரோடு ஊருக்குப் போய்விடும். முடிவில் "ஜிஓவி டாட் இன்" இல்லாத தளங்களில் பணம் கட்டவே கூடாது.

சில பேருக்கு நேரில் வரச்சொல்லி அழைப்பு வரும். காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு விசாரிக்க வருவதும் உண்டு. அதற்குப் பயப்பட ஏதுமில்லை. அழைப்பு உள்ளூர் அலுவலகத்துக்கா, மண்டல அலுவலகம் உள்ள சென்னை ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனுக்கா என்பதை நன்றாகப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். சென்னை என்றால் பாண்டியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். கிளாம்பாக்கத்தில் இறங்கும் பேருந்து என்றால் அங்கிருந்து நகருக்குள் போகவே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். விழுப்புரம் வழியாகவோ திருப்பாதிரிப்புலியூரிலிருந்தோ ரயிலில் எழும்பூர் போய் ஆட்டோ பிடிப்பது நேரத்துக்குப் போய்ச் சேர நல்ல வழி. வயதானவர் என்றால் முந்தின இரவே போய்த் தங்கிவிடலாம். அசல் பாஸ்போர்ட், ஏற்றிய எல்லாவற்றின் இரண்டு செட் நகல், அழைப்பு மின்னஞ்சலின் அச்சு, இரண்டு புகைப்படம், தண்ணீர், மாத்திரை இவை ஒரே பையில் இருக்கட்டும். ஆவணங்களை விண்ணப்பத்தில் ஏற்றிய வரிசையிலேயே அடுக்கினால் கவுன்டரில் கிடைக்கும் சில நிமிடம் தேடுவதில் போகாது. அழைப்பு இல்லாமல் "நேரில் போய்க் கேட்டால் சீக்கிரம் முடியும்" என்று கிளம்புவதால் ஒரு பயனும் இல்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் புதுச்சேரித் தமிழர் ஆண்டுதோறும் நீட்டிப்புக்கு அல்லாடத் தேவையே இல்லை. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்குத் தகுதி உள்ளவர்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்த புதுச்சேரி அந்த வரையறைக்குள் வருகிறது. இந்தியாவில் விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய். சுற்றுலா விசாவில் வந்து இங்கே விண்ணப்பிக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். தாத்தா, பாட்டியின் பிறப்புச் சான்றை நகராட்சியிலிருந்து தேடி எடுப்பதுதான் கடினமான பகுதி. ஆனால் அது ஒருமுறை படும் பாடு. வாழ்க்கைத்துணை வழியில் கேட்பவருக்குப் பதிவான திருமணம் இரண்டு ஆண்டு தொடர்ந்திருக்க வேண்டும்.

நீட்டிப்பு கிடைத்தால் பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்ட மாட்டார்கள். மின்னஞ்சலில் பிடிஎஃப் வரும். வந்த அன்றே பெயர், பாஸ்போர்ட் எண், முடியும் தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் உடனே தளம் வழியே தெரிவியுங்கள். அச்செடுத்து ஒன்றைப் பாஸ்போர்ட்டுக்குள், ஒன்றை வீட்டுக்காரரிடம், ஒன்றைப் பெட்டியில் வைக்கலாம். வெளிநாடு போய்த் திரும்பும்போது விமான நிறுவனத்தின் கவுன்டரில் கேட்பது அந்தத் தாளைத்தான். கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோன நேரத்தில் அங்கே நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.